கேரக்டர் மாற்றமும் ஸ்பெஷல் பவரும்: ஊர்ப் போட்டிக்கு விதி வகுக்கும் முறை

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ 16 பேரைத் திரட்டி ஒரு ஃபைட்டிங் கேம் (இருவர் திரையில் ஒரு கேரக்டரை எடுத்து மோதிக்கொள்ளும் கேம்) போட்டி வைத்தால், முதல் சண்டை விதிமுறையில்தான் மூளும். ஓசூரிலிருந்து வருபவர் சொந்த கன்சோலில் மாதக்கணக்கில் கேரக்டரை வளர்த்து வைத்திருப்பார். அரூரிலிருந்து வருபவர் நண்பன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடியவர். பென்னாகரத்துப் பையன் ஃபோனில் பழகியவன். மூவரும் ஒரே திரைக்கு முன் உட்காரும்போது எந்த மாற்றத்தை அனுமதிப்பது, எதை நிறுத்துவது என்பதைப் போட்டி நாளுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அந்தப் பேச்சை நடத்தும் முறையும், எந்த கேமுக்கு எந்த முடிவு பொருந்தும் என்பதும் கீழே உள்ளன.

"இது நியாயமா?" என்று தொடங்கினால் விடியும்வரை பேசலாம். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்தப் பலத்தை ஆட்டக்காரர் வீட்டிலிருந்து சுமந்து வருகிறாரா, அல்லது கேரக்டர் தேர்வுத் திரையில் இருவரும் எடுக்கக்கூடியதா? நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் எடைப் பிரிவு வைப்பதும் இந்தக் கேள்விக்காகத்தான். 55 கிலோ பிரிவில் தராசில் ஏறாமல் யாரும் களத்துக்குள் போக முடியாது. ஆனால் போனஸ் கோட்டைத் தொடுவதையும் சூப்பர் டேக்கிள் செய்வதையும் யாரும் எதிர்ப்பதில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் நிற்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி என்பது இரு அணிக்கும் பொது. ஃபைட்டிங் கேமிலும் இந்தப் பிரிப்பு அப்படியே செல்லும்.

முதலில் தரம் பிரியுங்கள்

மாங்காய் மண்டியில் தரம் பிரிக்காமல் விலை பேசுவதில்லை. இங்கும் எல்லா மாற்றங்களையும் ஒரே பெயரில் பேசினால் ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு வாதிடுவார்கள். நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, தோற்றம்: உடை, நிறம், முடி, முதுகில் மாட்டும் பொருள். இரண்டாவது, பொது சிஸ்டம்: எல்லாக் கேரக்டருக்கும் கேம் தரும் பலம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரைவ் கேஜ் (அடிக்கவும் தடுக்கவும் செலவாகும் சக்திப் பட்டை), டெக்கன் 8-இன் ஹீட் (சிறிது நேரம் தாக்குதலைக் கூட்டும் நிலை), ரேஜ் (உயிர் குறையும்போது வரும் கூடுதல் பலம்) எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, தேர்வு: ஆட்டத்துக்கு முன் சில வழிகளில் ஒன்றை எடுப்பது. 1999-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக்கில் மூன்று சூப்பர் ஆர்ட்டில் (கேஜ் நிரம்பியதும் போடும் பெரிய அடியில்) ஒன்றை எடுப்பதும், 2001-இன் கேப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே 2-இல் ஆறு குரூவில் (சண்டை முறையில்) ஒன்றை எடுப்பதும் இந்த வகை. நான்காவது, வளர்ப்பு: ஆடி ஆடியோ பணம் கொடுத்தோ சேர்க்கும் லெவல், கியர் (கவசம் போன்ற பொருள்), ஜெம் (பொருத்தினால் பலம் கூட்டும் கல்).

பொது சிஸ்டத்தைப் பற்றிக் கூட்டத்தில் நேரம் செலவிடாதீர்கள். "டெக்கன் 8-இல் ஹீட் ரொம்ப அதிகம்" என்று ஒருவர் சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ரவுண்டிலும் இருவருக்கும் ஒரு முறை ஹீட் கிடைக்கிறது, அடிப்படையில் 10 வினாடி ஓடுகிறது. அதை அணைக்கப் போட்டி நடத்துபவரிடம் பட்டன் கிடையாது. அதை மாற்றுவது கேம் தயாரித்தவர்களின் வேலை. தோற்றத்துக்கு ஒரு சிறு சோதனை போதும். உண்மையான விவாதம் கடைசி இரண்டு வகையில்தான்.

இந்த வகைகளின் எல்லை கேமுக்குக் கேம் நகரும். 2017-இன் இன்ஜஸ்டிஸ் 2-இல் உடையும் கவசமும் பார்க்கத் தோற்றம்தான். ஆனால் ஒவ்வொன்றும் பலம், தற்காப்பு, உயிரளவு, திறன் என்ற நான்கு எண்களை மாற்றும். ஆகவே அது வளர்ப்பு வகை. டெக்கன் 8-இல் தொப்பி மாற்றினால் அடியின் பலம் மாறாது. பெயரைப் பார்த்துப் பிரிக்காமல், எண் மாறுகிறதா என்று பார்த்துப் பிரியுங்கள்.

ட்ரெயினிங் மோடில் சோதிப்பது

ஒரு மாற்றம் வலிமையானதா என்பதை வாயால் முடிவு செய்ய வேண்டாம். ஒரு டிவி, ஒரு கன்சோல், இரண்டு கன்ட்ரோலர், ஒரு நோட்டு போதும்.

டேமேஜ் சோதனை இது. மாற்றம் இல்லாத கேரக்டரை எடுத்து, நடுத்தர ஆட்டக்காரரால் பத்துக்கு எட்டு முறை தவறாமல் போடக்கூடிய ஒரு காம்போவை (தொடர் அடியை) தேர்ந்தெடுங்கள். டேமேஜ் எண்ணைக் குறியுங்கள். எதிராளியின் உயிர் முழுதாகத் தீர அதே காம்போ எத்தனை முறை பட வேண்டும் என்று கணக்கிடுங்கள். பிறகு மாற்றத்துடன் அதையே செய்யுங்கள். 10,000 உயிரளவுக்கு 2,400 டேமேஜ் காம்போ என்றால் ஐந்து முறை பட வேண்டும். 2,500-ஐத் தொட்டால் நான்கு போதும். வித்தியாசம் 100 தான். ஆனால் எதிராளிக்கு இருந்த தவறு செய்யும் வாய்ப்பில் ஒன்று முழுதாகப் போய்விட்டது. சதவீதத்தைவிட இந்த எண்ணிக்கை கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

தூரச் சோதனைக்குத் தரையில் கட்டம் போட்ட ட்ரெயினிங் மேடை உதவும். டம்மியை (பயிற்சிக்கு நிற்கும் எதிராளியை) ஒரு கோட்டில் நிறுத்தி, கேரக்டரின் மிக நீளமான உதை எந்தக் கோட்டிலிருந்து படுகிறது, எந்தக் கோட்டிலிருந்து காற்றில் போகிறது என்று பாருங்கள். பிறகு டம்மியின் இடத்தில் மாற்றப்பட்ட உருவத்தை வைத்து அதையே செய்யுங்கள். ஒவ்வொன்றும் 10 முறை. சோல்கேலிபர் 6 போல நாமே உருவம் படைக்கும் கேம்களுக்கு இது கட்டாயம். உயரத்தையும் பருமனையும் கூட்டிக் குறைக்க முடிகிற இடத்தில், அடி எட்டும் தூரமோ அடி வாங்கும் உடலளவோ மாறுகிறதா என்று பார்க்காமல் அனுமதி தராதீர்கள்.

தோற்றச் சோதனைக்கு அந்த உடையை முன்பு பார்க்காத இருவரை அழைத்து, போட்டியில் உட்காரும் அதே தூரத்தில் உட்கார வையுங்கள். டம்மிக்கு ஒரு கீழ் அடியையும் (குனிந்து தடுக்க வேண்டியது) ஒரு நடு அடியையும் (நின்று தடுக்க வேண்டியது) ரெக்கார்ட் செய்து, மாறி மாறி வரும்படி விடுங்கள். வழக்கமான உடையில் 20-க்கு எத்தனை முறை சரியாகத் தடுத்தார்கள், புது உடையில் எத்தனை முறை? டெக்கனில் தோளும் முட்டியும் அசைவதைப் பார்த்துத்தான் கீழா நடுவா என்று முடிவெடுக்கிறோம். தரைவரை தொங்கும் அங்கி அந்தத் தகவலை மறைத்துவிடும். இருவருக்குமே மூன்று நான்கு தடுப்புகள் குறைந்தால் அந்த உடை வேண்டாம்.

பத்து மேட்ச் ஆடிப் பார்த்து வெற்றி விகிதம் எடுக்காதீர்கள். பத்து மேட்ச் எதையும் நிரூபிக்காது. யார் அன்று நன்றாக ஆடினார் என்பதைத்தான் காட்டும். அதைவிட, தோற்றுப்போன ரவுண்டின் ரீப்ளேயைத் தோற்றவர் முன்னால் ஓட்டி, "எந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். அவரால் ஓர் இடத்தைச் சுட்ட முடிந்தால் அந்தப் பலத்துக்குப் பதில் இருக்கிறது என்று பொருள். மூன்று அனுபவசாலிகள் பார்த்தும் ஒரு பதிலும் சொல்ல முடியாவிட்டால், அங்கே பேச விஷயம் இருக்கிறது.

கூட்டத்தை நடத்துவது

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு நேரில் கூடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் விவாதித்தால் அதிகம் டைப் செய்பவர் ஜெயிப்பார். ஏழு பேர் போதும். தருமபுரிப் பக்கம் இருவர், ஓசூர்ப் பக்கம் இருவர், சர்ச்சைக்குள்ளான மாற்றத்தைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதைப் பயன்படுத்தாதவர் ஒருவர், போட்டியில் ஆடாத நடுவர் ஒருவர். பயன்படுத்துபவரை விட்டுவிட்டு அவர் கேரக்டரைத் தடை செய்வது பெரிய தவறு. அந்தப் பலத்தின் ஓட்டைகள் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒரு மாற்றத்துக்கு 20 நிமிடம். தடை கேட்பவருக்கு 3, எதிர்ப்பவருக்கு 3, திரையில் செய்து காட்ட 10, வாக்கெடுப்புக்கு 4. தடை கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஏழில் ஐந்து வாக்கு இருந்தால்தான் தடை. நான்குக்கு மூன்று என்று வந்தால் அனுமதித்து, அடுத்த போட்டிக்குப் பின் மறுபடி பாருங்கள். கேமில் உள்ளதை எளிதாக வெட்டத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் தோற்ற கோபத்தில் இன்னொன்றை வெட்டச் சொல்வார்.

பேசும்போது நான்கு கேள்வியை விட்டு விலகாதீர்கள். இது இரண்டு செட்டப்பிலும் (ஒரு டிவியும் ஒரு கன்சோலும் சேர்ந்தது ஒரு செட்டப்) ஒரே மாதிரி கிடைக்கிறதா? எதிராளி ஆட்டத்துக்கு முன் இதைப் பார்க்க முடியுமா? பார்த்தபின் பதில் உண்டா? தயார் செய்ய எத்தனை நிமிடம் பிடிக்கும்?

நேரக் கேள்வியைப் பலர் கண்டுகொள்வதில்லை. போட்டிகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான். 16 பேர் டபுள் எலிமினேஷன் (இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம்) என்றால் 30 மேட்ச், கடைசி ஆட்டம் மறுபடி ஆடப்பட்டால் 31. மேட்சுக்கு 8 நிமிடம், இரண்டு செட்டப் என்றால் குறைந்தது 2 மணி நேரம். கடைசிக் கட்டத்தில் ஒரு மேட்ச் முடிந்தால்தான் அடுத்தது என்பதால் நடைமுறையில் 3 மணி நேரம் வைக்க வேண்டும். இதில் ஒவ்வொரு மேட்சுக்கும் கியரோ மூவ் (அடி) பட்டியலோ அமைக்க 3 நிமிடம் சேர்த்தால் 90 நிமிடம் கூடும். இரண்டு செட்டப்பில் பிரித்தாலும் முக்கால் மணி. ஊத்தங்கரைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இறுதி ஆட்டத்துக்கு முன் எழுந்து போய்விடுவார்கள்.

பெரிய போட்டிகளும் இதே கல்லில் தடுக்கியவைதான். 2012-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஐந்து ஜெம் பொருத்தலாம். எந்தக் கடையில் முன்பதிவு செய்தோம் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் ஜெம்மும் மாறியது. இருவருக்கும் ஒரே பெட்டி கிடைக்காத இடத்தில் என்ன போட்டி? 2014-இன் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் கேமின் வீ யூ (நின்டெண்டோ கன்சோல்) பதிப்பில் ஒரு கேரக்டரின் நான்கு ஸ்பெஷல் மூவுக்கும் மூன்று மூன்று வடிவம். மொத்தம் 81 சேர்க்கை. 2015 ஈவோ போட்டியில் (ஃபைட்டிங் கேம்களுக்கான பெரிய வருடாந்திரப் போட்டி) இவற்றை அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு விட்டுவிட்டார்கள். சில சேர்க்கைகள் சலிப்பூட்டும் அளவுக்கு வலுவாக இருந்ததும் ஒரு காரணம். அதே அளவு தலைவலி, ஒவ்வொரு கன்சோலிலும் அந்த மூவ்களைத் திறந்து வைப்பது.

எந்த கேமுக்கு என்ன முடிவு

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் சர்ச்சை பெரும்பாலும் மாடர்ன் கன்ட்ரோல் பற்றித்தான். ஒரே பட்டனில் ஸ்பெஷல் மூவ் வருகிறது. குதித்து வருபவரை அந்த நொடியே அடித்து இறக்கலாம். அதற்கு விலையும் உண்டு. அப்படி ஒரே பட்டனில் போடும் மூவுக்கு டேமேஜ் 80 சதவீதம்தான்; கிளாசிக்கில் (வழக்கமான கன்ட்ரோலில்) இருக்கும் சில சாதாரண அடிகளும் மாடர்னில் கிடையாது. ட்ரெயினிங் மோடில் ரியூ என்ற கேரக்டரை மாடர்னில் எடுத்து, லெவல் 3 சூப்பர் ஆர்ட்டைச் சுருக்கு வழியில் ஒரு முறையும் கையால் உள்ளீடு செய்து ஒரு முறையும் போட்டுக் காட்டுங்கள். எண் வித்தியாசத்தைப் பார்த்ததும் பாதி எதிர்ப்பு அடங்கும். மாடர்ன் தேர்வுத் திரையில் எல்லோருக்கும் இருக்கிறது, எதிராளிக்கும் தெரிகிறது. அனுமதியுங்கள். டைனமிக் கன்ட்ரோலை மட்டும் நிறுத்துங்கள். அதில் எந்த மூவ் என்பதைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கிறது. அப்போது ஆடுபவர் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. வேர்ல்ட் டூரில் (தனியாக ஆடும் கதைப் பகுதியில்) வளர்த்த அவதாரத்துக்கும் போட்டியில் இடமில்லை.

டெக்கன் 8-இல் ஸ்பெஷல் ஸ்டைல் (எளிய பட்டன் அழுத்தத்தில் அடிகள் வரும் கன்ட்ரோல் முறை) அனுமதிக்கத் தக்கது. அது எல்லோர் கையிலும் இருக்கும் ஒரு பட்டன், ஆட்டத்தின் நடுவிலேயே போட்டு எடுக்கலாம். உடைக்கு, கேமிலேயே வரும் ஆயத்த உடைகள் மட்டும் என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு உடையாகச் சோதிக்க நேரம் இருக்காது.

மார்ட்டல் காம்பாட் 11 கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேம். ஒரு கேரக்டருக்கு மூன்று இடம். அதில் மூவ்களை நாமே பொருத்தலாம். 2019-இல் கேம் வந்தபோது போட்டிகளில் ஆயத்த வேரியேஷன்கள் (கேமே தரும் மூவ் தொகுப்புகள்) மட்டுமே இருந்தன. 2020-இல் சொந்தமாகப் பொருத்தியவற்றுக்கும் வழி திறந்தது. ஊர்ப் போட்டிக்கு நல்ல வழி: பொருத்தியதை அனுமதியுங்கள், ஆனால் ஆட்டக்காரர் பெயர் கொடுக்கும்போதே ஒரு கேரக்டருக்கு இரண்டு பட்டியலுக்கு மேல் தரக்கூடாது. நடுவர் முதல் நாள் மாலையே இரண்டு கன்சோலிலும் அவற்றை ஏற்றி, ஆளின் பெயரிட்டு வைக்கட்டும். 16 பேருக்கு அதிகபட்சம் 40 பட்டியல் என்று வைத்தாலும் ஒரு மாலை வேலைதான்.

இன்ஜஸ்டிஸ் 2-இல் விவாதமே வேண்டாம். காம்பெடிடிவ் மோடைப் போட்டால் கியர் தரும் எண்கள் அணைந்துவிடும்.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97-ஐ இன்னும் ஆசையோடு ஆடுபவர்கள் நம் பக்கம் உண்டு. அதில் அட்வான்ஸ்ட், எக்ஸ்ட்ரா என்ற இரண்டு மோடில் ஒன்றை எடுக்க வேண்டும். அட்வான்ஸ்டில் அடிக்க அடிக்கக் கேஜ் ஏறும், உருண்டு தப்பலாம். எக்ஸ்ட்ராவில் பட்டனைப் பிடித்துத்தான் கேஜை ஏற்ற வேண்டும். ஆனால் உயிர் சிவந்து மின்னத் தொடங்கினால் பெரிய மூவைத் திரும்பத் திரும்பப் போடலாம். இது சுத்தமான தேர்வு வகை, இரண்டுக்கும் பதில் உண்டு, தடைக்கு வேலையில்லை. ரகசியமாகத் திறக்கும் ஒரோச்சி வடிவக் கேரக்டர்களை மட்டும் தனியாக வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

பிராவல்ஹல்லாவில் ஒவ்வொரு கேரக்டருக்கும் பலம், வேகம் போன்ற நான்கு எண்கள், கூட்டினால் 22. ஸ்டான்ஸ் (இந்த எண்களின் பங்கீடு) மாற்றினால் ஒன்றில் 1 ஏறி இன்னொன்றில் 1 இறங்கும். கூட்டுத்தொகை மாறாததால் அனுமதிக்கலாம். சில ஸ்டான்ஸ்கள் அந்தக் கேரக்டரை ஆடி லெவல் ஏற்றினால்தான் திறக்கும் என்பதால், பெயர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

லெவல் ஏற்றி, பணம் கட்டிக் கேரக்டரை வளர்க்கும் ஃபோன் கேம்களில் அவரவர் அக்கவுன்ட்டில் ஆடவிடாதீர்கள். லெவல் எல்லோருக்கும் சமமாகும் மோட் அந்த கேமில் இருந்தால் அதில் மட்டும் நடத்துங்கள். இல்லாவிட்டால் நடத்துபவர்கள் இரண்டு ஃபோனில் இரண்டு புது அக்கவுன்ட் தொடங்கி, ஒரே கேரக்டர்களை ஒரே லெவலுக்கு ஏற்றி வைக்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் முன்பே உட்கார வேண்டியிருக்கும். அதற்கு ஆள் இல்லையென்றால் அந்த கேமை அடுத்த முறைக்குத் தள்ளிவைப்பதே ஆட வருபவர்களுக்கு நாம் தரும் மரியாதை.

தேர்வு வரிசை

எதை அனுமதிப்பது என்று முடிவானபின்னும், எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது என்பது தகராறுக்கு வழி வைக்கும். எதிராளி எதை எடுக்கிறார் என்று பார்த்துவிட்டு எடுப்பவருக்கு லாபம். முதல் ஆட்டத்துக்கு இருவரும் கேரக்டரையும் வேரியேஷனையும் துண்டுச் சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்கட்டும். அதன்பின் திரையில் எடுக்கட்டும். இரண்டாம் ஆட்டத்திலிருந்து ஜெயித்தவர் எதையும் மாற்றக்கூடாது, தோற்றவர் மாற்றலாம். வேரியேஷன், சூப்பர் ஆர்ட், குரூவ், ஸ்டான்ஸ், கன்ட்ரோல் வகை எல்லாம் கேரக்டரின் பகுதி என்று தெளிவாக எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஜெயித்தவர் "கேரக்டரை மாற்றவில்லை, சூப்பரைத்தான் மாற்றினேன்" என்பார். அவரைத் தடுக்க உங்களிடம் விதி இருக்காது.

விதித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. உதாரணத்துக்கு: "உடை: கேமில் வரும் ஆயத்த உடை மட்டும். கன்ட்ரோல்: கிளாசிக், மாடர்ன் இரண்டும் சரி, டைனமிக் கூடாது. டி.எல்.சி (தனியாக வாங்க வேண்டிய) கேரக்டர்: இரண்டு செட்டப்பிலும் இருந்தால் மட்டும். ஜெயித்தவர் கேரக்டரையும் அதன் எந்தத் தேர்வையும் மாற்றக்கூடாது. தவறான தேர்வு முதல் ரவுண்ட் முடிவதற்குள் சுட்டப்பட்டால் ஆட்டம் மறுபடி. அதற்குப் பின் புகார் செல்லாது." ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் வருவார்கள். தாளை நீட்டிவிட்டு நகராமல், தொடங்கும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்து, தேவையானவர்களுக்கு அவரவர் மொழியில் சொல்ல ஆள் வையுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கன்சோலிலும் அப்டேட்டை முடித்து, பதிப்பு எண் ஒன்றா என்று ஒப்பிட்டு, தானாக அப்டேட் ஆவதை அணைத்துவிடுங்கள். போட்டி நாள் காலையில் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் பேட்ச் இறக்க முயன்றால் மதியம்வரை டவுன்லோட் பார் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏற்றி வைத்த மூவ் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஃபோனில் படமெடுத்து வையுங்கள். சேவ் ஆகும் நேரத்தில் கரன்ட் போய் அவை அழிந்தாலும் படத்தைப் பார்த்து மறுபடி பொருத்திவிடலாம். யு.பி.எஸ் ஒன்றுதான் கிடைத்தது என்றால் டிவியை விட்டுவிட்டு கன்சோலை அதில் மாட்டுங்கள். திரை இருண்டாலும் சேவ் தப்பிக்கும்.